நகத்தளவு பட்டாம்பூச்சி, தட்டளவு அந்துப்பூச்சி

பூச்சி என்றதும் நம்ம உழவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "இது நல்லதா கெட்டதா?" என்பதுதான். இயற்கை வழிக்கு வந்தவர்கள் ஒரு படி மேலே போய், "சைவமா அசைவமா?" என்று கேட்கப் பழகியிருக்கிறோம். இலையைத் தின்றால் சைவம், பூச்சியைத் தின்றால் அசைவம். அசைவம் நம்ம கூட்டாளி. சைவத்தை விரட்ட வேண்டும். பதினாலு வருசமாக நானும் இந்தக் கணக்கில்தான் வெள்ளாமை பார்த்து வந்தேன்.

இந்தக் கணக்கு பாதி சரி. மீதிப் பாதியை எனக்குச் சொல்லிக் கொடுத்தவை இரண்டு பூச்சிகள். ஒன்று என் கட்டைவிரல் நகத்தளவு. இன்னொன்று சின்னத் தட்டு ஒன்றை மூடுகிற அளவு. இரண்டும் எங்கள் பண்ணையிலேயே இருந்தவை. சின்னதை வெட்டி எறியப் போனேன், பேத்தி தடுத்தாள். பெரியதைத் தெளிப்பான் எடுத்து அடித்தே கொன்றேன். தடுக்க யாரும் பக்கத்தில் இல்லை.

ஆனைமலை அடிவாரத்தில் எங்களுக்கு ஐந்து ஏக்கர். மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. ஊடே ஜாதிக்காய், கொய்யா, எலுமிச்சை, வேலியோரம் நாலைந்து பட்டை மரம். மீதி இரண்டு ஏக்கர் மேட்டுக்காடு. அதில் நிலக்கடலை, சோளம், தட்டைப்பயறு என்று மாற்றி மாற்றிப் போடுகிறோம். பெரியது தோப்பில் இருந்தது. சின்னது மேட்டுக்காட்டில்.

பெரியது: நான் செய்த தப்பு

மூன்று வருசத்துக்கு முன்னால், ஆவணி மாதம். வீட்டுப் பக்கத்துக் கொய்யாவில் ஒரு கிளை மட்டும் மொட்டையாக நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஏழெட்டுப் புழு. ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளம். வெளிர் பச்சை உடம்பு, மேலே சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைப் பொடி, முதுகெல்லாம் சதைமுள். அப்படி ஒரு புழுவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பதே எனக்குப் போதுமான காரணமாகிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசலில் வேப்பெண்ணெய் கலந்து மரம் நனைய அடித்தேன். மூன்றாம் நாள் பாதிப் புழு கீழே கிடந்தது. மீதி இலை தின்னாமல் வாடித் தொங்கியது. "ரசாயனம் தொடாமலே சுத்தம் பண்ணிட்டேன்" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன்.

புரட்டாசியில் காலாண்டு விடுமுறைக்கு மகள் வயிற்றுப் பேத்தி வந்தாள். அப்போது அவள் ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். கொய்யா பறிக்கப் போனவள் கூப்பிட்டாள்.

"அப்புச்சி, இந்த இலை காஞ்சு போயும் விழாமத் தொங்குது பாருங்க."

உச்சிக் கிளையில் இலையை இழுத்துச் சுருட்டி, காம்பை நூலால் கிளையோடு சேர்த்துக் கட்டி, உள்ளே காக்கி நிறத்தில் மூன்று விரல்கடை நீளத்துக்கு ஒரு கூடு. தெளிப்புக்குத் தப்பிய ஒன்று. "அதை விடு அம்மிணி, என்னான்னு பார்க்கலாம்" என்றேன்.

தீபாவளிக்கு அவள் மறுபடி வந்திருந்தபோது ஒருநாள் காலையில் கூட்டுக்குக் கீழே அது தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் கசங்கிய துணி மாதிரிச் சின்ன இறக்கை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடம்பிலிருந்து நீர் ஏறி ஏறி இறக்கை விரிந்தது. காய்ந்து முடிகையில் என் கையை விரித்து வைத்தாலும் அதன் இறக்கை வெளியே தெரிந்தது. செங்கல் நிறம். நாலு இறக்கையிலும் நடுவில் கண்ணாடி பதித்த மாதிரி முக்கோணச் சன்னல். மேல் இறக்கை நுனி பாம்புத் தலை போல வளைந்திருந்தது.

பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்புக்குப் போகிற தம்பி ஒருவருக்குப் படம் அனுப்பினேன். உடனே பேசினார். "அண்ணா, இது அட்லஸ் அந்துப்பூச்சிங்க. வயிறு பருத்து, உணர்கொம்பு ஒல்லியா இருக்குது, பொண்ணு. வாசனை விட்டு ஆணைக் கூப்பிடும். வீட்டு வெளக்கெல்லாம் அணைச்சு வைங்க."

முதல் ராத்திரி களத்து விளக்கு விடிய விடிய எரிந்தது. அவர் சொன்னது அதற்கப்புறம்தான். அடுத்த இரண்டு ராத்திரியும் அணைத்து வைத்தோம். பேத்தி தூங்காமல் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஆண் வரவில்லை. நாலாம் ராத்திரி அது கொய்யாக் கிளையிலும் சுவரிலும் முட்டை வைத்தது. ஆறாம் நாள் காலையில் மரத்தடியில் கிடந்தது. முட்டைகளை ஒரு டப்பாவில் எடுத்து வைத்துப் பத்திருபது நாள் பார்த்தோம். ஒவ்வொன்றாகக் குழி விழுந்து ஒட்டிப்போனது. ஒன்றுகூடப் பொரியவில்லை.

நான் அடித்த ஏழெட்டில் ஆண் எத்தனை என்று எனக்குத் தெரியாது. "அப்புச்சி, இதுக்குத் தொணை ஏன் வரலை?" என்று பேத்தி கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. அடுத்த விடுமுறைக்கு வந்தபோதுதான் சொன்னேன்.

அட்லஸைப் பற்றித் தெரிந்துகொண்டவை

அட்லஸ் இனத்துப் பெரிய வகை வடகிழக்கு இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை வாழ்கிறது. இறக்கை விரித்தால் 24 சென்டிமீட்டர் வரைக்கும் வரும். உலகின் மிகப் பெரிய அந்துப்பூச்சிகளில் ஒன்று. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது அதன் நெருங்கிய சொந்தம். அளவில் கொஞ்சம் சிறியது. அறிவியல் பெயர் அட்டாகஸ் தப்ரோபானிஸ். தப்ரோபனே என்பது கிரேக்கர் இலங்கைக்கு வைத்திருந்த பழைய பெயர்.

இதில் உழவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முழு வளர்ச்சி அடைந்த அட்லஸுக்குத் தின்னும் வாய் கிடையாது. வாய் உறுப்பு சுருங்கி, வேலை செய்யாத நிலையில் இருக்கும். புழுவாக இருந்தபோது தின்று சேர்த்த கொழுப்பில்தான் ஒரு வாரம், பத்து நாள் ஓட்ட வேண்டும். அதற்குள் துணை தேடி, முட்டை வைத்து முடித்தாக வேண்டும். ஆணின் உணர்கொம்பு கோழி இறகு மாதிரி அகலமாக இருக்கும். அதை வைத்துத்தான் பெண் காற்றில் விடும் வாசனையை வெகு தூரத்திலிருந்தே பிடிக்கிறது. வழியில் விடிய விடிய ஒரு விளக்கு எரிந்தால் அதைச் சுற்றியே அந்தச் சேமிப்பு தீர்ந்துவிடும்.

பட்டுப்புழு வளர்க்கிற உடுமலை, தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து உழவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மல்பெரிப் பட்டுக்கூட்டை உடைத்து வரும் அந்தும் தின்னாது. முட்டை வைத்துவிட்டுச் செத்துப்போகும். ஆனால் அது வேறு குடும்பம். ஆமணக்கு இலையும் மரவள்ளி இலையும் தின்கிற எரி பட்டுப்புழு, நடு இந்திய, கிழக்கிந்தியக் காடுகளில் மருத மரத்தில் வளர்க்கிற டசர் பட்டுப்புழு, அசாமின் முகா பட்டுப்புழு ஆகியவைதான் அட்லஸின் பங்காளிகள். அட்லஸும் பட்டுதான் நூற்கிறது. ஆனால் மல்பெரிக் கூடு மாதிரி ஒரே நீள நூலாகப் பிரிக்க வராது. துண்டு துண்டாகத்தான் வரும். பெயரில் பட்டை வைத்திருப்பது பட்டாம்பூச்சி. நமக்குப் பட்டு கொடுப்பதோ அந்துப்பூச்சி!

சின்னது: மேட்டுக்காட்டில் கிடைத்த பாடம்

அடுத்த வருசம் கடலை பிடுங்கி முடித்த நேரம். மேட்டுக்காட்டு வரப்பு முழுக்கச் செப்பு நெருஞ்சி படர்ந்திருந்தது. பெயரில் நெருஞ்சி இருந்தாலும் காலைக் குத்துகிற முள் இதில் இல்லை. அவுரி இனத்துச் செடி. தரையோடு படர்ந்து, செம்பு நிறத்தில் பொடிப் பூ பூக்கும். பயறுவகைக் குடும்பம் என்பதால் வேரில் முடிச்சு உண்டு. தழைச்சத்தைப் பிடித்து வைக்கும். ஆனாலும் வரப்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்கிற பழைய எண்ணம் என்னை விடவில்லை. புல் வெட்டுகிற மெஷினைத் தோளில் மாட்டினேன்.

ஆரம்பிக்கிற நேரத்தில் செடியில் எறும்பு ஏறுவது கண்ணில் பட்டது. "அசுவினி புடிச்சிருக்குது. வெட்டிடறதுதான் நல்லது" என்றேன். எறும்பு இருந்தால் அசுவினி, இல்லாவிட்டால் மாவுப்பூச்சி. அதுதானே நம்ம அனுபவம்?

பேத்தி பூதக்கண்ணாடியோடு குனிந்து உட்கார்ந்தாள். "அப்புச்சி, மெஷினை நிறுத்துங்க. அசுவினி இல்லீங்க, ஒரு புழு. எறும்பு அதைக் கடிக்காம தடவிக் குடுத்துட்டு நிக்குது!"

நானும் பார்த்தேன். அரிசி நீளம்கூட இல்லாத பச்சைப் புழு. இலை எது, புழு எது என்று பிரிக்க முடியவில்லை. இரண்டு சிற்றெறும்பு அதன் பின்புறத்தை உணர்கொம்பால் தட்டிக்கொண்டிருந்தன. சற்றுத் தள்ளி அதே வரப்பில், தரையிலிருந்து முழங்கால் உயரம்கூட ஏறாமல், பொடிப்பொடியாய் நாலைந்து பட்டாம்பூச்சி. இத்தனை வருசமும் அவற்றை நான் ஏதோ கொசு இனம் என்று நினைத்துக் கடந்திருக்கிறேன்.

தம்பியிடம் மறுபடியும் படம் போனது. ஆங்கிலத்தில் 'கிராஸ் ஜூவல்' என்றார். புல்லின் நகை என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியாவின் மிகச் சிறிய பட்டாம்பூச்சிகளில் ஒன்று. இறக்கை விரித்து அளந்தால் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம்தான். மேல்பக்கம் வெறும் பழுப்பு. உட்கார்ந்து இறக்கையை மடக்கும்போதுதான் பெயரின் காரணம் தெரியும். பின் இறக்கை ஓரத்தில் கறுப்புப் பொட்டுகள், சுற்றி ஆரஞ்சு வளையம், உள்ளே கல் பதித்த மாதிரிப் பச்சை நீல மினுமினுப்பு.

எறும்புக் கதைக்கு விளக்கம் இது. இந்தக் குடும்பத்துப் புழுக்கள் பலவற்றுக்கு முதுகின் பின்பகுதியில் ஒரு சுரப்பி உண்டு. எறும்பு தட்டினால் இனிப்பு நீர் சுரக்கும். கூலிக்குக் காவல். எறும்பு நிற்கிற வரை புழுவின் உடம்பில் முட்டை வைக்க வரும் குளவிக்கும், தின்ன வரும் பூச்சிக்கும் கிட்ட வருவது கஷ்டம்.

இதனால் இந்தக் குடும்பத்தில் எல்லாமே அப்பாவி என்று நினைத்துவிட வேண்டாம். தட்டை, துவரை, அவரைக் காயைத் துளைக்கிற நீல வண்ணத்துப்பூச்சியும் இதன் சொந்தம்தான். கிராஸ் ஜூவல் அந்த வேலைக்கு வருவதில்லை. வரப்பிலுள்ள அவுரி இனமும் அதைப் போன்ற சின்னச் செடிகளும் அதற்குப் போதும். சொந்தக்காரன் செய்த தப்புக்கு இவனை அடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் பூச்சியை அடையாளம் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்

சின்னது பகலில் பறக்கும், பெரியது ராத்திரியில். சின்னதின் உணர்கொம்பு நுனியில் குமிழ் இருக்கும். பெரியதற்கு இறகு மாதிரி விரிந்திருக்கும். சின்னது உட்காரும்போது பெரும்பாலும் இறக்கையை மேலே சேர்த்துக்கொள்ளும். பெரியது விரித்துப் போட்டு உட்காரும். சின்னதின் கூட்டுப்புழு வெறும் உடம்பாக இருக்கும். பெரியது பட்டுக்கூட்டுக்குள் இருக்கும். பட்டாம்பூச்சிக்கும் அந்துப்பூச்சிக்கும் உள்ள பொதுவான வித்தியாசங்கள் இவை. விதிவிலக்கும் உண்டு.

நம்ம வேலைக்கு உதவுகிற வித்தியாசம் வேறு. அது வாயிலும் காலத்திலும் இருக்கிறது.

சின்னதற்குப் புழுப் பருவத்தில் இலை வேண்டும், வளர்ந்த பிறகு தேனும் வேண்டும். அதன் உறிஞ்சுகுழல் குட்டை. செம்பருத்தியும் பூசணிப் பூவும் அதற்கு ஆகாது. செப்பு நெருஞ்சி, வெட்டுக்காயப் பூண்டு மாதிரிப் பொடிப் பூதான் வேண்டும். அதாவது செடியும் பூவும் ஒரே இடத்தில், வருசத்தில் பல மாதம் இருக்க வேண்டும். முட்டையிலிருந்து பட்டாம்பூச்சியாக ஏறக்குறைய ஒரு மாதம் போதும். ஒரு தலைமுறை அழிந்தாலும் பக்கத்தில் செடி இருந்தால் சீக்கிரமே மீண்டு வந்துவிடும். வரப்பு மொத்தத்தையும் ஒரே நாளில் சிரைத்துவிட்டால் மட்டும் வர வழியில்லை.

பெரியதற்குத் தேன் வேண்டாம், பூ வேண்டாம். ஒரு மரமும், புழுவாகத் தின்ன ஒன்றரை மாதம் போல நேரமும் கொடுத்தால் போதும். அதற்கப்புறம் கூட்டில் ஒரு மாதம். வறட்சியில் இன்னும் கூடவே கிடக்கும். கடைசியில் இருட்டான சில ராத்திரிகள். இந்தக் கால ஓட்டத்தில் ஒரே ஒரு நாள் நாம் தெளிப்பானோடு போனாலோ, கவாத்துக் கத்தியோடு போனாலோ, விளக்கை மறந்து எரியவிட்டாலோ முடிந்தது. ஒரு வருசத்துக்கான ஜோடி அத்தோடு போச்சு.

உருவத்தை வைத்து, சின்னது நோஞ்சான், பெரியது பலசாலி என்றுதான் நான் நினைத்திருப்பேன். என் தோட்டத்தில் நடந்தது தலைகீழ். வெட்டியும் மேய்த்தும் மிதித்தும் சின்னது பிழைத்துக் கிடந்தது. தட்டளவு இருந்தது ஒரே தெளிப்பில் போய்விட்டது.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அடித்ததில் ஒரு சொட்டு ரசாயனம் இல்லை. நம்ம வேப்பெண்ணெய்க்கும் ஐந்திலைக் கரைசலுக்கும் படைப்புழு எது, பட்டுப்புழு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. பி.டி. பாக்டீரியாக் கலவையும் அப்படித்தான். அது பட்ட இலையைத் தின்கிற புழுக்களில் நம்ம பயிரைத் தின்பது, தின்னாதது என்று பார்க்காது. இயற்கை இடுபொருள் மண்ணுக்கும் நமக்கும் நல்லது. ஆனால் எங்கே, எப்போது அடிப்பது என்று முடிவெடுக்கிற பொறுப்பு அதை அடிக்கிற கைக்குத்தான் இருக்கிறது.

இப்போது எங்கள் தோட்டத்தில் கடைப்பிடிப்பவை

1. தெரியாத புழுவைப் பார்த்தால் தெளிப்பான் எடுப்பதில்லை. முதலில் எண்ணுகிறோம். முழு மரத்தில் ஏழெட்டுப் புழு ஒரு கிளையைத் தின்றால் மரம் மறுபடி தழைக்கும். மக்காச்சோளக் குருத்தில் படைப்புழு இறங்கினால் கதை வேறு; அங்கே உடனே வேலை பார்க்கத்தான் வேண்டும்.

2. தெளிப்பது பயிர் வரிசைக்கு மட்டும். வேலி, வரப்பு, ஓரத்து மரங்களில் படாமல், காற்று அடங்கிய சாயங்காலத்தில் அடிக்கிறோம்.

3. வரப்பை இரண்டு பாதியாகப் பிரித்துக்கொண்டோம். ஒரு பாதியை வெட்டினால் அடுத்த பாதிக்கு ஒரு மாதம் கழித்துத்தான் மெஷின். சின்னதின் ஒரு தலைமுறைக் காலம் அது. வெட்டிய தழை கடலைக் காட்டுக்கு மூடாக்கு ஆகிறது.

4. எறும்பு ஏறின செடியைக் குனிந்து பார்க்காமல் பிடுங்குவதில்லை. அசுவினி என்றால் அசுவினிக்கான வேலை. புழு என்றால் விட்டுவிடுகிறோம்.

5. கவாத்துக்கு முன் கிளைகளை அண்ணாந்து பார்க்கிறோம். காய்ந்தும் விழாத சுருட்டு இலை தெரிந்தால் அந்தக் கிளையை விட்டுவிடுகிறோம். தெரியாமல் வெட்டிவிட்டால், கூட்டோடு கிளையை அதே மரத்தில் நிழலான இடத்தில் கட்டித் தொங்கவிடுகிறோம்.

6. விளக்குப்பொறி இருட்டினதும் எரியும், ராத்திரி ஒன்பதரைக்கு அணைந்துவிடும். களத்து விளக்கு தேவைப்படும்போது மட்டும்.

இதற்கெல்லாம் எனக்குக் காசு ஒன்றும் செலவாகவில்லை. வரப்பு முன்பு மாதிரி சிரைத்த தலையாக இல்லை என்று ஊரில் ரெண்டு பேர் கேலி பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

நீங்களும் செய்து பார்க்க ஒரு பயிற்சி

உங்கள் வரப்பில் நாலு குச்சி நட்டு, மூன்றடிக்கு மூன்றடி சதுரம் ஒன்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் அதில் கை வைக்காதீர்கள். வெயில் ஏறின நேரமாகப் பார்த்து, வாரம் இரண்டு தடவை பத்து நிமிசம் குனிந்து உட்கார்ந்து பாருங்கள். என்ன செடி, எது தின்கிறது, எது தேன் குடிக்கிறது, எறும்பு எதன்மேல் நிற்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். கூடவே தோட்டத்தில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, மழைக்காலம் முழுக்க அதன் இலைகளைக் கவனியுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் நோட்டை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். நம்மைவிட அவர்களுக்குக் கண் நன்றாகத் தெரியும்.

எங்கள் நோட்டில் கடைசியாக எழுதியிருப்பது இந்த ஆவணிக் கணக்கு. வேலியோரத்துப் பட்டை மரத்தில் வெள்ளைப் பொடி பூசின புழு மூன்று. அடுத்த வாரம் இரண்டு. ஒன்றை ஏதோ பறவை கொண்டுபோயிருக்க வேண்டும். அதற்கு அடுத்த வாரம் ஒன்று இலையைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டது, இன்னொன்று தின்றுகொண்டிருந்தது. களத்து விளக்கின் சுவிட்சுக்கு மேலே பேத்தி ஒரு காகிதம் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள்: "அப்புச்சி, மறக்காதீங்க."